ஓதம் ஏறிய அடுப்படி

எங்கள் அடுப்படியின் கிழக்குச் சுவரில் நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தது. டைல்ஸ் முடிகிற இடத்துக்கு மேலே, சுவர் நீளத்துக்கும், ஒரு சாண் அகலத்தில் பெயின்ட் பொரிந்து நிற்கும். விரலால் தட்டினால் வெள்ளைப் பொடி கொட்டும். பொங்கலுக்குப் பொங்கல் அதைச் சுரண்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடிப்போம். ஐப்பசி மழை முடிவதற்குள் அதே இடம் அதே கோலத்துக்கு வந்துவிடும்.

மாடுலர் கிச்சன் போடலாமா என்று விலை கேட்டு அழைத்தபோது வந்தவர், டைல்ஸை உத்திரம் வரைக்கும் ஏற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றார். பெயின்ட் கடையில், ஓதம் தடுக்கும் பூச்சு இரண்டு கோட்டிங் கொடுக்கச் சொன்னார்கள். மொட்டை மாடி வேலைக்காக வந்திருந்த மேஸ்திரிதான் கரணைக் காம்பால் டைல்ஸை நாலு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு, “உள்ள பொள்ளலா கீதும்மா. தண்ணி கீழேருந்து ஏறுது, நீங்க மேல சுரண்டினு கீறீங்க” என்றார். அன்றைக்கே மாடுலர் பேச்சை நிறுத்திவிட்டோம்.

வீடு கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், பாடலீஸ்வரர் கோயிலுக்கு நடந்து போகிற தூரம். என் மாமனாரின் அப்பா கட்டியது. திண்ணை, நடை, முற்றம், சுற்றித் தாழ்வாரம், தென்கிழக்கு மூலையில் அடுப்படி. சுவர் பதினாலு அங்குலம். பழைய சின்னச் செங்கல்லை சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டியது. அந்தக் காலத்துக் கட்டடங்களில் அஸ்திவாரத்துக்கு மேலே ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. மண்ணில் இருக்கிற தண்ணீரைச் செங்கல் உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக அது காற்றில் ஆவியாகிப் போகும். உள்ளே வருவதும் வெளியே போவதும் சரியாக இருக்கிறவரை சுவருக்கு ஒன்றும் ஆகாது. 90-களில் எங்கள் வீட்டில் அடுப்படியை “மாடர்ன்” ஆக்குகிறேன் என்று சிமென்ட் பூசி அதன்மேல் டைல்ஸ் ஒட்டினார்கள். வழி அடைபட்ட தண்ணீர், வழி கிடைக்கிற உயரம் வரை ஏறியது. கெடிலம் ஆறும் கடலும் பக்கத்தில் இருக்கிற ஊர். நிலத்தடி ஈரத்தோடு உப்பும் சேர்ந்தே ஏறும். தண்ணீர் ஆவியாகிற இடத்தில் உப்பு தங்கி, பூச்சுக்குள் இருக்கிற நுண்ணிய துவாரங்களில் படிகமாகி, உள்ளேயிருந்து பூச்சைத் தள்ளும். நாங்கள் வருஷம் தவறாமல் சுரண்டிக்கொண்டிருந்தது அதைத்தான். உத்திரம் வரை டைல்ஸ் ஏற்றியிருந்தால் ஈரம் அடுத்து உத்திரத்துக் கட்டையைத்தான் தேடிப் போயிருக்கும்.

ஆகவே வேலையின் வரிசை தலைகீழானது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது முதலில், சுவர் அடுத்தது, மேடை, அலமாரி, குழாய் எல்லாம் கடைசியில்.

எப்போது ஆரம்பிப்பது

கடலூரில் கட்டட வேலையைத் தைக்கு முன்னால் தொடுகிறவர்கள் துணிச்சல்காரர்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரை கடந்தது நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் ஏறியது. அது போன கையோடு தென்பெண்ணையில் வெள்ளம். கார்த்திகையில் சுவரை உரித்துப்போட்டு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே வேண்டாம். 2025 தை பிறந்து, கரிநாள் தாண்டி, நல்ல நாள் பார்த்துத்தான் கடப்பாரையை எடுத்தோம். சுண்ணாம்பு வேலைக்கும் அதுதான் தோது. மழையும் இல்லை, கத்திரி வெயிலும் இல்லை.

மாமியாருக்கு வயது எண்பதை நெருங்குகிறது. ஊருக்கு அத்தனை பேரும் போய்விட்டு வேலை முடிந்ததும் திரும்பலாம் என்று என் கணவர் சொல்லிப் பார்த்தார். அத்தை அசையவில்லை. “வடலூர்ல அடுப்பு 1867-லேருந்து எரியுது. இங்க ஒரு கொத்து வேலைக்கு அடுப்ப அணைச்சிட்டுப் போவணுமா?” என்றார். வள்ளலார் மூட்டிய அணையா அடுப்பை மேற்கோள் காட்டுகிறவரிடம் வாதம் செய்ய முடியாது. வீட்டில் இருந்துகொண்டே செய்வது என்று முடிவாயிற்று.

தாழ்வாரத்து அடுப்பு

வீட்டில் இருந்துகொண்டு அடுப்படியை உடைக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: தற்காலிக அடுப்படியை முழுதாக அமைத்து, அதில் நாலைந்து நாள் சமைத்துப் பார்த்த பிறகு கடப்பாரையை உள்ளே விடுங்கள். உடைக்க ஆரம்பித்த பிறகு தாளிப்புக் கரண்டி எந்த மூட்டையில் இருக்கிறது என்று தேடக் கூடாது.

தாழ்வாரத்தின் மேற்குக் கோடியைத் தேர்ந்தெடுத்தோம். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் போய்த் தங்கும். முற்றமே பள்ளம், அதில் ஜலதாரை ஓட்டை வேறு. அதனால் சிலிண்டரை முற்றத்து ஓரத்திலிருந்து முடிந்த மட்டும் தள்ளி, நேராக நிற்க வைத்தோம். அடுப்பு சிலிண்டர் தலையைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்பதால் தையல் மிஷின் மேசை அடுப்பு மேடையானது. ஆரஞ்சு நிற டியூபில் அச்சிட்டிருந்த தேதி எப்போதோ முடிந்திருந்தது. இடம் மாற்றுகிற சாக்கில் அதையும் மாற்றினோம். முற்றத்துக் காற்று அடுப்பை அணைத்துவிடும் என்பதுதான் நிஜமான பயம். தீ அணைந்து காஸ் மட்டும் போய்க்கொண்டிருந்தால் வாசனை வந்த பிறகுதான் தெரியும். மூன்று பக்கமும் பழைய தகரத்தை மறைப்பாக நிறுத்தினோம். அழகாக இல்லை. வேலை செய்தது.

இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்று இருந்தால் போதும் என்று எங்கள் பையன் சொன்னான். 2000 வாட் அடுப்பு 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட ஒன்பது ஆம்பியர் இழுக்கும். எங்கள் தாழ்வாரத்தில் இருந்தது மரப்பட்டியில் ஓடுகிற பழைய வயரிங், விளக்குக்கும் ஃபேனுக்கும் போட்டது. அதில் கன்வெர்ட்டர் பிளக் சொருகி இண்டக்‌ஷன் ஓட்டினால் பட்டிக்குள் வயர் சூடாவது வெளியே தெரியவே தெரியாது. எலக்ட்ரீஷியனை வைத்து மெயின் போர்டிலிருந்து நேராக 4 சதுர மில்லிமீட்டர் வயரில் தனி லைன் இழுத்து, ஒரு 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் வைத்தோம். அதன் பிறகும் அத்தையின் பாத்திரங்களில் பாதி அதில் ஏறவில்லை. அலுமினியக் குண்டானும் பித்தளைத் தவலையும் காந்தத்துக்கு ஒட்டாதவை. ரசம் வைக்கிற ஈயச் சொம்பும் அப்படியே. ஈயச் சொம்பு இல்லாத ரசத்தை அத்தை ரசம் என்று ஒப்புக்கொள்வதில்லை. ஆக காஸில் ரசமும் குழம்பும், இண்டக்‌ஷனில் பாலும் வெந்நீரும் என்று பிரிந்துகொண்டது.

தண்ணீர்தான் ஆளை அடித்துப்போட்டது. சமையலுக்குக் குடம் குடமாகக் கொண்டுவரலாம். பாத்திரம் கழுவ முடியாது. கொல்லையில் துணி துவைக்கிற கல் பக்கம் ஒரு குழாயும், பழைய பெஞ்சின்மேல் இரண்டு பிளாஸ்டிக் டப்புகளும். எச்சில் தட்டைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி, சிமென்ட் மூட்டையைத் தாண்டி, கொல்லைக்குப் போய்க் கழுவி, ராத்திரியானால் டார்ச் வெளிச்சத்தில் திரும்ப வேண்டும். ஒரு வாரத்தில் வீட்டில் புழங்கும் பாத்திரங்களின் எண்ணிக்கை தானாகக் குறைந்துவிட்டது. ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர், அவரவர் கழுவ வேண்டியது. அதுவரை சாப்பிட்ட இடத்திலேயே தட்டை விட்டு எழுந்த ஆண்பிள்ளைகளும் கழுவினார்கள். வேலை முடிந்த பிறகும் அந்தச் சட்டத்தை நான் ரத்து செய்யவில்லை.

புழுதிக்கு, அடுப்படி வாசலில் பழைய வேட்டி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கவிட்டுக் கீழே ஈரச்சாக்கு போட்டோம். ஊறுகாய் ஜாடிகள், மிளகாய்த்தூள், பருப்பு டின்கள் அத்தையின் கட்டிலுக்குக் கீழே குடிபோயின. ராத்திரி எலி வந்தால் கைத்தடியால் தரையைத் தட்டுவது அத்தையின் பொறுப்பு. கிரைண்டர் நடையில். பாக்கெட் மாவு வாங்கலாமா என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். அத்தை பதில் சொல்லாமல் அரிசி களைய எழுந்துபோனார்.

உரித்ததும் தெரிந்தது

டைல்ஸ் எளிதாகக் கழன்றது. பின்னாலிருந்த சிமென்ட் பூச்சு, அப்பளம் நொறுங்குவதுபோல் அகலம் அகலமாக விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொள்ளவே இல்லை, தன் கனத்தில் தானே நின்றிருக்கிறது. அதன் பின்னால் பழைய சுண்ணாம்புப் பூச்சு, அடுப்புப் புகை ஏறிக் கறுத்த அடுக்கு, அதற்கும் உள்ளே செங்கல். கீழே இரண்டடி உயரத்துக்குச் செங்கல் கருஞ்சிவப்பாக ஈரம் கோத்திருந்தது. சில கற்களின் முகம் நகத்தால் கீறினாலே பொடியாக உதிர்ந்தது.

தண்ணீர் வந்த வழி இரண்டு. ஒன்று, அடுப்படி மூலையில் பாத்திரம் கழுவுகிற தொட்டியிலிருந்து சுவருக்குள் புகுந்து கொல்லைக்குப் போன மண் குழாய். சுவருக்கு நட்டநடுவே அதன் இணைப்பு விரிந்திருந்தது. எத்தனை வருஷத்துப் பாத்திரம் கழுவிய தண்ணீர் அந்தச் சுவருக்குள் இறங்கியதோ! குழாயைச் சுற்றி எடுத்த மண்ணில் சாம்பலும் புளிச்சக்கையும் கலந்த வாடை அடித்தது.

இரண்டாவது, யாரும் எதிர்பாராதது. கொல்லையில் சேறாகிறது என்று ஒவ்வொரு தலைமுறையும் பழைய தளத்தை உடைக்காமல் அதன்மேலேயே சிமென்ட் தளம் போட்டிருக்கிறார்கள். மேஸ்திரி ரசமட்டக் குழாயில் தண்ணீர் நிரப்பி இந்தப் பக்கம் ஒரு முனை, அந்தப் பக்கம் ஒரு முனை பிடித்துப் பார்த்தார். கொல்லைத் தளம் அடுப்படித் தரையைவிட நான்கு அங்குலம் உயரம்! தெருவில் ரோடு மேல் ரோடு போட்டு வீடு பள்ளமாகிறது என்று ஊரெல்லாம் புலம்புகிறோமே, அதையே எங்கள் கொல்லைக்குள் நாங்களே செய்து வைத்திருக்கிறோம். பெய்கிற மழை சுவரோடு சுவராகத் தேங்கி நேராகச் செங்கல்லுக்குள் போயிருக்கிறது.

சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலத்துக்குக் கொல்லைத் தளத்தை உடைத்து, அடுப்படித் தரைமட்டத்துக்கும் கீழே போகும்படி தோண்டி, அதில் ஒன்றரை அங்குல ஜல்லியை நிரப்பி, கோடியில் தண்ணீர் வெளியேற வாட்டம் கொடுத்தோம். சிமென்ட் போட்டு மூடவில்லை. மூட வேண்டும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லாதவர்கள் இல்லை. கழிவுநீருக்குப் புதிதாக பிவிசி குழாய், நாலடிக்கு ஓர் அங்குல வாட்டத்தில், சுவரைக் கடக்கிற இடத்தில் இணைப்பே இல்லாமல் ஒரே துண்டாக. சுவரைத் துளைத்து ரசாயனம் ஏற்றினால் ஈரம் மேலே ஏறாது என்று ஒரு கம்பெனி ஆள் விலைப்பட்டியலோடு வந்தார். எந்த வீட்டுக்கு அது தேவையோ தெரியாது. ஓட்டைக் குழாயையும் கொல்லைத் தளத்தையும் சரிசெய்யாமல் அதைச் செய்வதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. சரிசெய்த பிறகு செய்யத் தேவைப்படவில்லை.

பிறகு காத்திருந்தோம். இந்தக் கட்டம்தான் பொறுமையைச் சோதித்தது. சுவர் காய வேண்டும். காயக் காய உப்பு வெளியே பூக்கும். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, கீழே காகிதம் விரித்து, பொடியை அள்ளி வெளியே கொட்ட வேண்டும். தினமும் காலையில் காபி குடித்ததும் அத்தை முக்காலி போட்டு உட்கார்ந்து எட்டின உயரத்துக்குச் சுவரைத் தட்டுவார், மேலே நான். மாசி முழுக்க எங்கள் வேலை இதுதான். மேஸ்திரிக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்துப் போனதும் நல்லதாகவே போயிற்று. ஆள் நின்றால் ஈரச் சுவரிலேயே பூசிவிடத் தோன்றும்.

சுண்ணாம்பு

கடலூரில் சிமென்ட் பூசக் கொத்தனார் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள். சுண்ணாம்பு தெரிந்தவரைத் தேடிப் புதுச்சேரிக்குத்தான் போக வேண்டியிருந்தது. அங்கே பழைய வீடுகளைப் புதுப்பிக்கிற வேலை நின்றபாடில்லை, வைசியாள் வீதி மாதிரியான தெருக்களால் அந்தக் கைவேலை இன்னும் உயிரோடு இருக்கிறது. வந்தவர் அறுபதைத் தாண்டிய பெரியவர். வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரை விட்டுவிட்டு, வாசலில் கொட்டியிருந்த மணலில் ஒரு சிட்டிகையை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். கடற்கரைப் பக்கத்து மணல் மலிவாக வந்து சேரும் ஊர் இது. அதில் பூசினால் உப்பை நாமே விலை கொடுத்து சுவரில் ஏற்றுவதாகும். எங்கள் மணல் தேறியது.

சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் தண்ணீர் விட்டு நீற்றும்போது கொதித்துப் பொங்கும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து, பிள்ளைகளைப் பக்கத்தில் விடக் கூடாது. நீற்றிய சுண்ணாம்பை உடனே எடுக்காமல், மேலே தண்ணீர் நிற்கும்படி மூடி ஊறப்போட்டார். ஊற ஊற வெண்ணெய்ப் பதத்துக்கு இறங்கும். இன்னொரு பீப்பாயில் நசுக்கிய கடுக்காயும் வெல்லமும் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. இரண்டு மூன்று நாளில் அது புளித்து ஒரு வாடை எடுத்தது பாருங்கள், தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தத் தண்ணீரில்தான் சாந்து குழைத்தார். ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணலும் சலித்த செங்கல் தூளும். செங்கல் தூள் சேர்த்தால் ஈரமான இடத்திலும் சாந்து இறுகும். வெறும் சுண்ணாம்பு காற்றிலிருக்கிற கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மெள்ளத்தான் கல்லாகும்.

பூசுவதற்கு முன்னால் செங்கல் இடுக்குகளில் உதிர்ந்த சாந்தைச் சுரண்டி எடுத்து, புதுச் சாந்தால் அடைத்தார். பொடிந்துபோன கற்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, நாங்கள் கொல்லையில் அடுக்கி வைத்திருந்த பழைய கற்களையே திருப்பி வைத்தார். இப்போது கிடைக்கிற சேம்பர் செங்கல் வைத்தால் வேகமாக முடியும். ஆனால் அளவும் பொருந்தாது, உறிஞ்சுகிற குணமும் வேறு. பிறகு சுவரை நனைத்து முதல் பூச்சு, அரை அங்குலத்துக்கும் குறைவாக. அது இறுகி, ஆனால் முழுக்கக் காயாத பதத்தில் இரண்டாவது. பெரியவர் மணியாஸ் கட்டையை ஒரு தடவை தேய்த்துவிட்டுப் போகிற ஆள் இல்லை. காலையில் தேய்த்ததைச் சாயங்காலம் வந்து மறுபடி அழுத்தித் தேய்ப்பார். மயிரிழை வெடிப்பு தெரிகிற இடத்தில் தண்ணீரைத் தொட்டுக் கரணையின் வயிற்றால் நீவுவார். வெடிப்பு மறையும். “சிமென்ட்டு பூசிட்டு மறந்துடலாம். இத மறக்கக் கூடாதுங்க, புள்ளத்தாச்சிய பாத்துக்கற மாதிரி பாக்கணும்” என்றார். வெயில் நேரே அடிக்காமல் ஜன்னலில் ஈரச்சாக்கு கட்டி, பூச்சு சட்டென்று உலராதபடி ஒரு வாரத்துக்கு மேல் தண்ணீர் தெளித்தோம்.

மேலே வெள்ளை அடிப்பு மட்டும்தான், சுண்ணாம்புத் தண்ணீர் மூன்று தடவை. பட்டியும் பிளாஸ்டிக் பெயின்டும் அந்தச் சுவருக்கு இனி கிடையாது. எண்ணெய் தெறிக்கிற இடத்துக்கு மட்டும் மேடைக்கு மேல் இரண்டடி டைல்ஸ். அந்த இரண்டடியையும் வேண்டாம் என்றார் பெரியவர். அப்பளம் பொரிக்கிற வீடு என்று நான் விட்டுக்கொடுக்கவில்லை.

மேலே ஒரு கட்டை

கூரை தேக்குக் கட்டை பரப்பி, மேலே சின்னக் கற்களைச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸ். ஆசாரி ஒவ்வொரு கட்டையாகச் சுத்தியால் தட்டிக்கொண்டே வந்தவர் கிழக்கு ஓரத்தில் ஒன்றில் நின்றார். சத்தம் மாறியது. ஸ்க்ரூடிரைவரைச் செருகினால் சுவருக்குள் போகிற முனையில் இரண்டு அங்குலம் உள்ளே போயிற்று. மாடியில் மழைத் தண்ணீர் இறங்குகிற ஓட்டை இலை அடைத்து, தண்ணீர் அந்த இடத்தில் இறங்கி மக்கியிருக்கிறது. முழுக்கட்டையை மாற்ற மேலே தளத்தைப் பிரிக்க வேண்டும். அதைத் தவிர்த்து, ஜாக்கி வைத்துத் தாங்கி, மக்கின முனையை வெட்டி, கட்டைக்கு இரண்டு பக்கமும் இரும்புச் சேனல் வைத்துப் போல்ட் போட்டார்கள். சேனலுக்கு எபாக்ஸி பெயின்ட், உப்புக் காற்றுக்காக. மாடியில் அந்த மூலையில் தட்டோட்டை எடுத்து வாட்டம் சரிசெய்து திரும்பப் பதித்தார்கள்.

மேடை

கடைகளில் எல்லோருக்கும் ஒரே அளவு: முப்பத்திநாலு, முப்பத்தாறு அங்குலம். அத்தை நாலடி பத்து அங்குலம். அந்த மேடையில் குக்கர் வைத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டித்தான் பார்க்க வேண்டும். நின்று வேலை செய்கிற மேடை, மடக்கிய முழங்கையைவிட நாலிலிருந்து ஆறு அங்குலம் தாழ்ந்திருந்தால் தோள் வலிக்காது. அடுப்பு வைக்கிற இடத்தில் அடுப்பும் பாத்திரமும் மேலே ஏறுவதால் இன்னும் தாழ வேண்டும். பாத்திரம் கழுவும் சிங்க்கில் அடிப்பாகம் கீழே இறங்குவதால் விளிம்பு உயர வேண்டும். ஆகவே அடுப்புப் பக்கம் முப்பது, சிங்க் பக்கம் முப்பத்திநாலு. நடுவில் ஒரு படி விழுகிறது. பார்க்கிறவர்கள் அளவு தப்பிவிட்டதா என்று கேட்கிறார்கள்.

கிரைண்டருக்கும் மேடைமேல்தான் இடம் விட்டிருந்தோம். கலவை சுமந்துகொண்டிருந்த சித்தாள் அக்கா சட்டியை இறக்கி வைத்துவிட்டு, “அம்மாம் ஒசரத்துல வெச்சா கல்ல யாரு தூக்கிக் கழுவறது? நீயா, ஆயாவா?” என்றாள். சிங்க்குக்குப் பக்கத்தில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கிரைண்டருக்குத் தனியாக ஒரு திட்டு கட்டினோம், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு குழாயோடு. முக்காலியில் உட்கார்ந்து மாவு தள்ளலாம். இந்த அடுப்படியிலேயே உருப்படியான யோசனை அதுதான். வாங்கிய டிராயிங்குகள் எதிலும் அது இல்லை.

மேடைக்குக் கருப்பு கிரானைட், கீழே தட்டுகளுக்குக் கடப்பா. கடப்பா சுண்ணாம்புக் கல் இனம். புளியும் எலுமிச்சையும் பட்டால் வெளுத்துத் திட்டுத் திட்டாகிவிடும், அதனால் மேடைக்கு ஆகாது. டின் அடுக்க அதைவிட நல்ல தட்டு இல்லை. ஈரச் சுவரோரம் பிளைவுட் பெட்டி வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். 710 கிரேடு மரைன் பிளை என்றாலும் பின்பக்கம் காற்று போகாத பெட்டி சுவரை மறுபடி மூடியதுபோலத்தான். கடப்பாத் தட்டுகள் சுவரை முட்டாமல் அரை அங்குல இடைவெளி விட்டு, தனிக் கால்களில் நிற்கின்றன.

கம்பிக் கூடைகள் வாங்கும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 202, 304 என்று இரண்டு ரகத்தில் வருகிறது. கடலோரத்தில் 202 சீக்கிரமே துருப் புள்ளி விடும். கடைக்காரர் காந்தத்தை வைத்து ஒட்டவில்லை பாருங்கள் என்பார். இரண்டுமே காந்தத்துக்கு ஒட்டாத ரகம்தான். பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள்.

வயரிங்கைச் சுவரில் காடி வெட்டிப் பதிக்கவில்லை. பழைய செங்கல்லில் கட்டர் ஓட்டினால் பக்கத்துக் கல்லும் ஆடும். வெளியிலேயே பிவிசி பைப்பில் ஓட்டி, மின்சாரம் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று வைத்தோம். பையனுக்கு அது பார்வைக்கு ரைஸ்மில் மாதிரி இருக்கிறதாம். இருந்துவிட்டுப் போகட்டும். சிவப்பு ரெட் ஆக்சைடு தரையைத் தொடவில்லை, குழாய் பதித்த இடத்தில் மட்டும் ஒட்டு தெரிகிறது.

மழைக்குப் பிறகு

சித்திரையில் அத்தை பால் காய்ச்சி இறக்கினார். ஆனால் நான் காத்திருந்தது ஐப்பசிக்கு. மழை கொட்டி ஓய்ந்த ஒவ்வொரு நாளும் சுவரைத் தடவிப் பார்த்தேன். மேலே எங்கும் பொரியவில்லை. தென்மூலையில், தரையிலிருந்து அரையடி உயரத்துக்குள், லேசாக உப்புப் பூத்தது. பெரியவரிடம் போனில் சொன்னேன். “உள்ள இருக்கறது வந்துதாங்க தீரணும், தொடச்சி உட்டுடுங்க. பூச்சு கொட்டுனா அந்த எடத்த மட்டும் பூசிக்கலாம்” என்றார். காய்ந்த பிரஷ் ஒன்று அந்த மூலையில் ஆணியில் தொங்குகிறது. வருஷம் ஒரு தடவை பொங்கலுக்கு முன்னால் வெள்ளையடிக்க வேண்டும், அது முன்னேயும் செய்ததுதான்.

இப்போது வீட்டில் ஓடுகிற வழக்கு சிம்னி வாங்குவதா வேண்டாமா என்பது. பழைய புகைக்கூண்டு வழியாக ஆறு அங்குலக் குழாயை விடலாம், புதிதாகத் துளைக்க வேண்டியதில்லை என்பது பையனின் கட்சி. இப்போதைக்கு அந்த வாயில் ஒன்பது அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறது, மிளகாய் வறுத்தாலும் இருமல் வரவில்லை. சிம்னி வந்தால் கூண்டை மூடிவிடுவார்கள், வெளிச்சம் போய்விடும் என்பது அத்தையின் கட்சி. நான் இரண்டு பக்கமும் சேரவில்லை. எனக்குக் கொல்லையில் வடக்குச் சுவரோரத் தளம் இன்னும் பாக்கி. அதுவும் உயரம்தான், பூஜை அறைச் சுவரில் கீழே பெயின்ட் உப்ப ஆரம்பித்திருக்கிறது. மேஸ்திரியிடம் அடுத்த தைக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.